மணிக்கூட்டு வீட்டு மருமகனின் வேன்

1

மெல்பேர்னில் என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், "கம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். விளக்கம் கேட்டால்தான் சங்கடம். உண்மையில் நான் செய்வது கூட்டித் துடைக்கிற வேலை. மற்றவர்களின் இணையத்தளங்களில் பழசாகிப்போன சொற்களைப் பொறுக்கி எறிகிறேன்.

ஒரு காலத்தில் இணையத்தளம் செய்கிறவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி, ஒரு சொல் வரிசையை எழுதிவைப்பார்கள். கீவேர்ட் டேக் என்று பெயர். தேடுபொறி வந்து அதைப் படித்துவிட்டு, ஓகோ, இது செருப்புக்கடை என்று விளங்கிக்கொள்ளும். மனிதர்கள் சும்மா இருப்பார்களா? செருப்புக்கடைக்காரர் செருப்பு, சப்பாத்து என்று தொடங்கி, கிரிக்கெட், கல்யாணம், இலவசம் என்று கண்டதையும் எழுதிவைத்தார். தேடுபொறிகளுக்கு வெறுத்துப்போனது. பெரிய தேடுபொறி அந்த வரிசையை இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பக்கத்தின் தலைப்பைப் பார்க்கிறது, உள்ளே இருக்கிற எழுத்தைப் பார்க்கிறது. தேடுகிறவருக்குத் தெரிவது அந்தத் தலைப்பும் அதற்குக் கீழே வரும் இரண்டு வரி விவரமும்தான்.

அதனால் பழைய டேக்குகளைக் கழற்றி, தலைப்பையும் விவரத்தையும் இன்றைய நிலைக்கு மாற்றி எழுதுவது என் பிழைப்பு. நல்ல பிழைப்பு. குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு செய்யலாம். வாடிக்கையாளர்களும் நல்லவர்கள். "எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டால் "எடுங்கள்" என்பார்கள். ஒரேயொரு ஆள் மட்டும் என்னைப் படாத பாடு படுத்தினார். அவர் என் சகலன் ஜவ்பர்.

2

ஜவ்பரின் ஊர் நிந்தவூர், என் ஊர் சாய்ந்தமருது. நாங்கள் இரண்டு பேரும் மருதமுனையில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூத்தவள் றிஸானாவை முடித்தேன், அவர் இளையவள் பர்சானாவை முடித்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் கொஞ்ச வருடம் அங்கே இருந்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனேன். ஜவ்பர் மாமியோடு, அதாவது எங்கள் மாமியாரோடு, அங்கேயே தங்கினார்.

அப்போது அவர் அக்கரைப்பற்று பஸ்ஸில் கண்டக்டர். சுனாமி அன்று காலையில் பஸ்ஸில் நின்றார். மாமியும் பர்சானாவும் பிரதான வீதிப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மூன்று பேரும் மிஞ்சினார்கள். கடற்கரைத் தெருவில் நின்ற வீடு மட்டும் அத்திவாரத்தோடு போய்விட்டது. அந்தத் தெருவில் எத்தனையோ வீடுகளில் சொல்லிக்கொள்ள ஓர் ஆளும் மிஞ்சவில்லை.

பிறகு நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு வாகனம் தேவைப்பட்டது. ஜவ்பர் ஒரு பழைய வேனை எடுத்து ஓடத் தொடங்கினார். எனக்குப் போன் எடுத்து, "காக்கா, ஒரு இன்டர்நெட் பக்கம் அடிச்சுத் தாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். அடித்துக் கொடுத்தேன். தலைப்பு: சுனாமி நிவாரண வாகனச் சேவை, நிந்தவூர் ஜவ்பர். கீவேர்ட் எல்லாம் அவரே சொன்னார்.

"எழுதுங்க காக்கா. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில்..."

மூச்சு விடாமல் சொன்னார். கல்முனை பஸ் நிலையத்தில் நின்று ஆள் ஏற்றுகிற அதே ராகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தப் பெயர்களில் பாதி அந்தக் கிழமைகளில் செய்தியில் சாவுக் கணக்கோடு வந்துகொண்டிருந்தவை. அவர் மட்டும் அவற்றை இன்னும் ஆள் இறங்குகிற இடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

3

யுத்தம் முடிந்த மறு வருடம் அவருடைய போன் வந்தது. எங்களுக்கு நடுக் குளிர். நான் இரண்டு சோடிக் காலுறை போட்டுக்கொண்டு இருந்தேன்.

"காக்கா, நிவாரணக்காரன் எல்லாம் போயிட்டான். வேன் சும்மா நிக்கிது. ரோட்டெல்லாம் திறந்திட்டாங்க, வெளிநாட்டுல இரிக்கிற நம்மட ஆக்கள் ஊருக்கு வாறாங்க. ஆனா என்ட வேனுக்கு ஒருத்தரும் வாறாங்கல்ல. கட்டார்ல இருந்து டிரைவர் வேல ஒண்டு வந்திரிக்கி. பாஸ்போட்டையும் கொழும்பு ஏஜென்சியில குடுத்திட்டன்."

போனை பர்சானா பறித்தாள். "மச்சான், அவருக்குச் சொல்லுங்க. இந்த ஆகஸ்டுக்குள்ள நாலு ஓட்டம் கிடைச்சா போகமாட்டாராம். கிடைக்காட்டிப் போறதாம். எனக்கு என்ன செய்யிற எண்டு விளங்குதில்ல. உம்மாக்கும் ஏலாம இரிக்கி."

எனக்கு ஏஜென்சியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ரெண்டு வருடம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் நானும் வெளிக்கிட்டேன். இப்போது என் மகள் ஹனாவுக்கு ஒன்பது வயது. "இடியப்பம்" என்ற சொல் அவள் வாயில் படுகிற பாட்டைக் கேட்டால் இடியப்பமே அழும். நான் போனது போனதுதான். இந்த மனுசனையாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்று ஒரு வெறி வந்தது.

அன்றைக்கே அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். யா அல்லாஹ்! தேடினால் முதலில் கண்ணில் படுவது சுனாமி. தலைப்பில் சுனாமி, விவரத்தில் சுனாமி. பிள்ளை குட்டிகளோடு பாசிக்குடாக் கடற்கரை பார்க்க வருகிறவன் சுனாமி வேனில் ஏறுவானா?

4

துடைக்கத் தொடங்கினேன். சுனாமியை எடுத்தேன், நிவாரணத்தை எடுத்தேன், கீவேர்ட் டேக்கை அடியோடு கழற்றினேன். ஜவ்பருக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பிலுவில்லையும் எடுத்திட்டீங்களா காக்கா?"

"எல்லாத்தையும்தான் எடுத்த. அத இப்ப ஒருத்தரும் பாக்கிறல்ல."

"பாக்காட்டி என்ன? இரிந்தா பாரமா? பொத்துவில் ஆக்கள் வந்து தேடினா என்ன நினைப்பாங்க?"

"பொத்துவில் ஆக்களுக்கும் அது தெரியாது. அது ஒளிச்சிரிக்கிற எழுத்து."

"ஒளிச்சிரிந்தா மறுகா என்னத்துக்கு எடுக்கிறீங்க?"

என் அலுவலகத்தில் இருக்கிற பெரிய பெரிய ஆட்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கடைசியில், ஊர்ப் பெயர்களை எல்லாம் பக்கத்துக்குள்ளேயே, எல்லாரும் வாசிக்கக்கூடிய மாதிரி, "இந்த ஊர்களுக்கெல்லாம் ஓடுவோம்" என்று எழுதிவிடுவதாகச் சமாதானம் பேசினேன். ஆள் குளிர்ந்துவிட்டார்.

தலைப்பை மிக நாகரிகமாக வைத்தேன். கிழக்குக் கரைச் சுற்றுலா, சொகுசு வேன், ஜவ்பர், நிந்தவூர். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கிழமைகள் போயின. ஒரு காகமும் வரவில்லை. இலங்கை, சுற்றுலா, வேன் என்ற சொற்களுக்குக் கொழும்புப் பெரிய கம்பெனிகள் எல்லாம் முன்னால் வரிசையில் நின்றன. ஜவ்பர் அந்த வரிசையின் வால் எங்கே என்றும் தெரியாத தூரத்தில் நின்றார். ஒருநாள் அவர் போனில் கட்டாரின் வெயிலைப் பற்றி விசாரித்தார்.

5

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி இருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் என்னை வாப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். கிளினிக்கில் "மிஸ்டர் இஸ்மாயில்" என்று கூப்பிட்டால், வாப்பா எப்ப வந்தார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். றிஸானா மிஸ்ஸிஸ் இஸ்மாயில். "என்னய உங்கட உம்மாவாக்கிட்டாங்க" என்று அவள் சிரிப்பாள்.

ஹனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள், படமும் ஒட்டுங்கள். அவள் இஸ்மாயில் குடும்பம் என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். றிஸானா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஸ்மாயில் குடும்பமா? அது ஆருகா? நாம மணிக்கூட்டு வீட்டு ஆக்கள்."

ஹனாவுக்கு அது பிடித்துப்போனது. மணிக்கூடு என்றால் என்ன, வீட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேள்வி மேல் கேள்வி. றிஸானாவின் உம்மாவின் வாப்பா ஒரு பெரிய சுவர் மணிக்கூடு வாங்கி முன் அறையில் மாட்டியிருந்தார். அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் மணிக்கூடு. நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தெருவே அந்த அறையைப் பார்க்கும். பக்கத்து ஊரான பாண்டிருப்பில் இருந்து பள்ளிக்கூடம் போகிற தமிழ்ப் பிள்ளைகளும் ஜன்னலால் எட்டி நேரம் பார்த்துவிட்டு ஓடுவார்கள். மணிக்கூடு எப்போதோ நின்றுபோனது. வீட்டைக் கடல் கொண்டுபோனது. மாமிக்கு இப்போது வயல் பக்கத்தில், சுனாமி வீடமைப்புத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடு. ஆனாலும் அஞ்சல்காரர் முதல் மீன்காரர் வரை அதையும் மணிக்கூட்டு வீடு என்றுதான் சொல்கிறார்கள். பெயரை ஆட்கள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஹனா ஓடிப்போய்க் கணினியில் அந்தப் பெயரை அடித்தாள், ஒட்டுவதற்குப் படம் எடுக்க. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"வாப்பா, நம்மட வீடு இல்ல. ஒண்ணும் வருதில்ல."

நானும் ஒருதரம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அடுத்த கணம் என் தொழில் புத்தி துள்ளி எழும்பியது. தேடுவதற்கு ஓர் ஆள் இருக்கிறது, காட்டுவதற்கு ஒரு பக்கமும் இல்லை! உலகத்தில் ஒரு கம்பெனியும் வரிசையில் நிற்காத ஒரு சொல்!

அப்போதுதான் என் முட்டாள்தனம் விளங்கியது. மெல்பேர்னில் மிஸ்டர் இஸ்மாயிலாக இருந்து இருந்து, ஓர் ஆம்பிளையை அவன் பெயராலும் அவன் பிறந்த ஊராலும் தேடுவார்கள் என்று நினைக்கப் பழகிவிட்டேன். மருதமுனையில் யார் நிந்தவூர் ஜவ்பரைத் தேடுவார்? அங்கே அப்படி ஓர் ஆளே இல்லை. அங்கே இருப்பது மணிக்கூட்டு வீட்டு மருமகன். நானும் அங்கே அதேதான், மூத்த மருமகன். சுனாமியில் எல்லாருடைய போன் நம்பர் எழுதிய கொப்பிகளும் போய்விட்டன, விலாசங்களும் மாறிவிட்டன. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஞாபகத்தில் மிஞ்சியிருப்பது வீட்டுப் பெயர் ஒன்றுதான்.

6

ஜவ்பருக்குச் சொன்னேன்.

"காக்கா, ஊரெல்லாம் மணிக்கூட்டு வீட்டு மருமகன், மணிக்கூட்டு வீட்டு மருமகன். கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து என்ட பேர ஒருத்தரும் சொல்றல்ல. இன்டர்நெட்லயாவது என்ட பேர் இரிக்கட்டுமே எண்டுதான் அப்பவே ஆசப்பட்டன்."

பாவமாக இருந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த றிஸானா விடவில்லை.

"தம்பி, கட்டாருக்குப் போனா பாஸ்போட்டுல உங்கட பேர்தான் இரிக்கும். நல்லா வடிவா கூப்பிடுவாங்க. போறீங்களா?"

"அல்லாஹ்வே! உங்கட ராத்தாட வாயப் பாத்தீங்களா கா?" என்று அவர் பர்சானாவைக் கூப்பிட்டு அவள் அக்காவைப் பற்றி முறையிடுவது கேட்டது. பிறகு சிரித்துவிட்டார். "சரி மச்சி. போடச் சொல்லுங்க. ஆனா என்ட பேரும் பக்கத்துல வரோணும்."

மணிக்கூட்டு வீடு, மருதமுனை: மருமகன் ஜவ்பரின் வேன். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தலைப்பை வைத்தேன். விவரத்தில், கடற்கரைத் தெருவில் இருந்த மணிக்கூட்டு வீடு இப்போது வயல் பக்கம் இருக்கிறது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து உங்கள் வீட்டு வாசல் வரை கூட்டிப்போவோம் என்று எழுதினேன். உள்ளே ஜவ்பர் சொன்ன ஊர்களை எல்லாம் அவர் சொன்ன வரிசையிலேயே போட்டேன். மாமி வாசலில் கதிரையில் இருக்கிற ஒரு படத்தையும் பர்சானா அனுப்பினாள், அதையும் போட்டேன். என் அலுவலகத்தில் இதைக் காட்டியிருந்தால் வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள்.

முதலில் வந்த மின்னஞ்சல் வேன் கேட்டு வரவில்லை. சுவிஸில் இருந்து புவனா என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"நான் பாண்டிருப்பு. உங்கட ஜன்னலால மணிக்கூடு பாத்துப் பள்ளிக்கூடம் போன ஆள். சுனாமிக்குப் பிறகு உங்கட தெருவில ஒருத்தரும் மிஞ்சேல்ல எண்டு கேள்விப்பட்டு அழுதிருக்கிறன். எப்பவாவது வீட்டுப் பேரை அடிச்சுப் பாப்பன், ஒண்டும் வராது. இண்டைக்கு உம்மாவிட படம் வந்தது. மணிக்கூட்டு வீட்டு ஆக்கள் இருக்கிறீங்களா? உண்மையா இருக்கிறீங்களா?"

றிஸானா அதைச் சத்தமாக வாசித்தாள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது ஹனாவைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில் ஒரு வீதிதான். யுத்த காலத்தில் அந்தப் பக்கத்துத் தமிழர்களும் இந்தப் பக்கத்து முஸ்லிம்களும் அதைக் கடக்கப் பயந்த வருடங்கள் இருந்தன. அந்த வருடங்களுக்கும் அங்கால் நின்று ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் எழுதினோம். ஹனா தன் பங்குக்கு ஒரு வரியைத் தமிழில் அடித்தாள்: "ஓம், இருக்கிறோம்."

அடுத்த மின்னஞ்சலில் புவனா அக்கா வேன் கேட்டார். ஆகஸ்டில் கணவன் பிள்ளைகளோடு வருகிறார், கட்டுநாயக்காவில் இருந்து கூட்டிப்போக வேண்டும், வேறு யாருடைய வேனிலும் ஏறமாட்டாராம்.

7

நீங்கள் நினைப்பது மாதிரி அத்தோடு சுபம் போட்டு முடியவில்லை. ஓர் ஓட்டம் நாலு ஓட்டம் ஆகாது. கொழும்பு ஏஜென்சிக்காரன் அதே கிழமையில் ஜவ்பரை வரச் சொல்லியிருந்தான். வந்து கையெழுத்துப் போட்டால் டிக்கெட். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஏஜென்சிக்கும் போய் வருவதாகச் சொல்லிவிட்டு ஜவ்பர் வேனைக் கிளப்பினார்.

பர்சானா நாள் முழுக்க றிஸானாவைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"ராத்தா, கட்டுநாயக்காவுக்குப் போன ஆம்பிளயெல்லாம் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் ஊட்டுக்கு வாறாங்க. எனக்குப் பயமா இரிக்கி. கையெழுத்துப் போட்டிட்டு வந்தா நான் என்ன செய்யிற?"

"அவருக்கு எடுத்துக் கேளன்."

"எடுத்த. ஏஜென்சி வாசல்ல நிக்கிறன் எண்டாரு. மறுகா போன் வேல செய்யுதில்ல."

நான் வேலைக்குப் போனேன், ஒரு பல் வைத்தியரின் தளத்தில் பழைய டேக்குகளைக் கழற்றினேன், ஒன்றும் மனதில் ஓடவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ஜவ்பரின் நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், சிரிப்பு, பெட்டி உருட்டுகிற சத்தம்.

"காக்கா! பிளேன் வந்திட்டு. நான் கூட்டத்துல வீட்டுப் பேர எழுதின மட்டையப் புடிச்சிட்டு நிண்ட. இவங்க தூரத்துல இரிந்தே கண்டு ஓடி வந்து என்ட கையப் புடிச்சு அழுறாங்க. நான் மருமகன் மட்டுந்தான் எண்டு சொல்லியும் உடுறாங்கல்ல. இந்தா, கதைங்க."

புவனா அக்கா கதைத்தார், அழுதார், சிரித்தார். அவருடைய தம்பி குடும்பம் அடுத்த கிழமை வருகிறதாம், தம்பிலுவில்லில் இருந்து போன இரண்டு சிநேகிதிகளின் குடும்பங்களும் வருகின்றனவாம், எல்லாருக்கும் இந்த வேன்தானாம். ஏஜென்சியில் என்ன நடந்தது என்று கேட்பதற்குள் லைன் அறுந்துபோனது. றிஸானா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாள் காலையில் பர்சானாவின் அழைப்பு வந்தது. பின்னால் மாமியின் குரலும் புவனா அக்காவின் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கேட்டன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகத் தெரியவில்லை. பர்சானா விம்மிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது.

"என்னகா? என்ன நடந்த? சொல்லு!" என்று றிஸானா கத்தினாள்.

"ராத்தா, வேன் வந்திட்டு. அவரும் ஊட்டுக்கு வந்திட்டாரு. நாலு ஓட்டம் சரியான உடன, வாற வழியில மறுபடியும் ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டத் திருப்பி வாங்கிட்டாரு. உம்மாட கையில குடுத்து, அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டுங்க மாமி, நான் கேட்டாலும் தராதீங்க எண்டு சொல்றாரு."